ஆட்டுக்கால் மனிதன் கேட்ட வரம்

உச்சி வெயில் நேரம். எகிப்து நாட்டுப் பாலைவனம். நிழலுக்கு ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை.

அந்த வெயிலில் ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு தனியாக நடந்தார். அவருக்கு வயது 90. எந்த இடத்துக்குப் போகிறார்? அது அவருக்கே தெரியாது. யாரைத் தேடிப் போகிறார்? அது மட்டும் தெரியும்.

திடீரென்று எதிரே ஓர் உருவம் வந்து நின்றது. இடுப்புக்கு மேலே மனிதன். இடுப்புக்குக் கீழே குதிரை!

கிழவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஆனால் ஓடவில்லை. கடவுளின் அடியார் ஒருவர் இந்தப் பக்கம் இருக்கிறாரே, அவர் இருப்பிடம் எது என்று கேட்டார்!

குதிரை மனிதனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. பல்லைக் கடித்தான். வாய்க்குள் என்னவோ குழறினான். ஆனாலும் வலக் கையை நீட்டி வழி காட்டினான். பிறகு நாலு கால் பாய்ச்சலில் ஓடி மறைந்தான்.

கிழவர் வியந்துகொண்டே நடந்தார். கல்லும் பாறையுமான ஒரு பள்ளத்தாக்கு வந்தது. அங்கே ஒரு குள்ளன் நின்றான். வளைந்த மூக்கு. நெற்றியில் கொம்பு. கால்களோ ஆட்டின் கால்கள்!

அவன் கையில் பேரீச்சம்பழம் இருந்தது. வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல அதை நீட்டினான். சண்டைக்கு வரவில்லை, சமாதானமாக வந்தேன் என்பதற்கு அது அடையாளம்.

நீ யார் என்று கேட்டார் கிழவர்.

தானும் சாகப் பிறந்தவன்தான் என்றான் அவன். இந்தக் காட்டில் வாழும் தன் கூட்டத்தைத்தான் ஜனங்கள் அறியாமல் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள் என்றான். அந்தக் கூட்டத்தின் தூதனாகத் தான் வந்திருப்பதாகச் சொன்னான். பிறகு ஒரு வரம் கேட்டான்.

உங்களுக்கும் எங்களுக்கும் ஆண்டவர் ஒருவரே, எங்களுக்காக அவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவன் கேட்ட வரம்.

கிழவரின் கண்களிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது.

யார் இந்தக் கிழவர்?

அவர் பெயர் அந்தோணியார். நம் ஊர்க் கோயில்களில் குழந்தை ஏசுவைக் கையில் ஏந்தி நிற்கிறாரே, அந்த அந்தோணியார் வேறு. அவர் இத்தாலியிலுள்ள பதுவா நகரத்தவர் என்று பெயர் பெற்றவர், 1231-ல் காலமானவர். இவர் அவருக்கு ஏறக்குறைய 900 ஆண்டு மூத்தவர். எகிப்து நாட்டவர். சொத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போய்த் தவம் செய்தவர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் இவரை "வனத்து அந்தோணியார்" என்று அழைக்கிறார்கள். ஜனவரி 17 அவர் திருநாள்.

அவர் தேடிப் போனவர் இன்னொரு முனிவர். லத்தீன் மொழியில் அவர் பெயர் பவுலுஸ். அதற்குச் "சிறியவர்" என்று பொருள். அதனால் தமிழில் அவர் "வனத்துச் சின்னப்பர்" ஆகிவிட்டார். பெயர்தான் சின்னப்பர், வயதோ 113!

இந்த வரலாற்றை எழுதியவர் ஜெரோம் என்ற அறிஞர். பிற்காலத்தில் பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்துப் புகழ் பெற்றவர் அவரே. சின்னப்பரின் கதையை அவர் எழுதியது கி.பி. 375-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது அவர் இளைஞர்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. குதிரை மனிதனும் ஆட்டுக்கால் மனிதனும் கிறிஸ்தவ வேதத்தில் வரும் ஆட்கள் அல்லவே! அவர்கள் கிரேக்கர்களும் ரோமர்களும் பரம்பரையாகச் சொல்லிவந்த புராணங்களில் உள்ளவர்கள். குதிரை மனிதர்களுக்குச் "சென்டார்" என்று பெயர். ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டு மணப்பெண்ணையே தூக்கிக்கொண்டு போகப் பார்த்தவர்கள் அவர்கள். (எல்லோரும் அப்படி இல்லை. கைரோன் என்ற சென்டார் பெரிய ஆசான். வீரன் அக்கிலிஸுக்குக் கல்வி சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.) ஆட்டுக்கால் மனிதர்களுக்குச் "சாடிர்" என்று பெயர். மது தேவனோடு ஆடிப் பாடித் திரிகிறவர்கள்.

இவர்களுக்கு ஒரு முனிவரின் சரித்திரத்தில் என்ன வேலை?

சீட்டு வாங்காத பையன்

அதைப் புரிந்துகொள்ள, கதையில் சற்றுப் பின்னால் போகவேண்டும்.

கி.பி. 250-ல் ரோம சாம்ராஜ்யத்தை ஆண்டவர் டேசியஸ் சக்கரவர்த்தி. அவர் ஓர் ஆணை போட்டார். குடிமக்கள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்கவேண்டும். கொடுத்ததற்கு அதிகாரிகளிடம் அத்தாட்சிச் சீட்டு வாங்கவேண்டும் என்று உத்தரவு. அப்படி எழுதிக் கொடுத்த சீட்டுகளில் பல, எகிப்து மணலுக்குள்ளிருந்து நம் காலத்தில் கிடைத்திருக்கின்றன. நாணற்புல் தாளில் எழுதியவை. இன்னார், இந்த ஊர், அதிகாரிகள் கண்ணெதிரே பலி கொடுத்தார் என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

கிறிஸ்தவர்களில் சிலர் பயந்து சீட்டு வாங்கினார்கள். சிலர் மறுத்துச் செத்தார்கள். சிலர் ஓடினார்கள்.

ஓடியவர்களில் ஒருவர் சின்னப்பர். அப்போது அவருக்குச் சுமார் 16 வயது. தாய் தந்தை இல்லை. நிறையச் சொத்து இருந்தது. அக்காள் வீட்டில் இருந்தார். அந்த அக்காள் புருஷனே சொத்துக்கு ஆசைப்பட்டுக் காட்டிக்கொடுக்கப் பார்த்தான்! அக்காள் அழுதாள். அவன் மனம் இளகவில்லை. பையன் மலைப் பக்கம் ஓடிவிட்டார்.

அங்கே கல்லால் அடைத்த ஒரு குகை. உள்ளே போனால் ஒரு பேரீச்ச மரம், தெளிந்த ஊற்று. பக்கத்தில் துருப்பிடித்த பட்டறைக் கல்லும் சுத்தியலும் கிடந்தன. ராணி கிளியோபாத்ரா காலத்தில் திருட்டுத்தனமாக நாணயம் அடித்த இடமாம் அது! பணத்துக்காகத் துரத்தப்பட்ட பையன், பணம் அடித்த குகைக்குள் குடியேறினார். பேரீச்ச மரமே சோறும் துணியும் கொடுத்தது. ஓலையைப் பின்னி உடுத்திக்கொண்டார். ஆபத்து நீங்கிய பிறகும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

எந்தத் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க மறுத்து அவர் ஓடினாரோ, அந்தத் தெய்வங்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் ஆட்டுக்கால் மனிதன். டேசியஸ் காலத்தில் மனிதனை மிரட்டிப் பலி வாங்கினார்கள். இப்போது பலி வாங்கிய கூட்டத்தின் ஆளே வந்து, எங்களுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று கெஞ்சுகிறான். சின்னப்பர் குகையில் இருந்த காலத்துக்குள் சக்கரவர்த்திகளே கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். உலகம் அப்படித் தலைகீழாகப் புரண்டுவிட்டது!

(ஜெரோம் சொல்லும் வயதுகளைக் கூட்டிக் கழித்தால் சில வருஷம் இடிக்கிறது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.)

ரொட்டியைப் பிட்பது யார்?

அந்தோணியார் மேலும் நடந்தார். ஒரு பகல் போனது, இரவும் போனது. விடியும் நேரத்தில், தாகத்தால் மூச்சு வாங்கிய ஒரு பெண் ஓநாய் மலையடிவாரத்தில் பதுங்கிப் போவதைக் கண்டார். அதன் பின்னாலேயே போனார். குகை தெரிந்தது. உள்ளே ஒரே இருட்டு. தொலைவில் சிறு வெளிச்சம். அவசரத்தில் கால் ஒரு கல்லில் இடறியது.

அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்தவர் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்!

அந்தோணியார் வாசலிலேயே விழுந்து கிடந்தார். உச்சிப் பொழுது தாண்டியது. மிருகங்களுக்குத் திறக்கும் கதவு மனிதனுக்குத் திறக்காதா, திறக்காவிட்டால் இங்கேயே சாவேன், நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார். உள்ளே சிரிப்புச் சத்தம். இப்படி மிரட்டி யாராவது பிச்சை கேட்பார்களா என்று சொல்லிக்கொண்டே சின்னப்பர் கதவைத் திறந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் பெயர் சொல்லி அழைத்துக் கட்டிக்கொண்டார்கள்.

அத்தனை காலமாக மனித முகம் பார்க்காதவர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள்? பழைய பட்டணங்களில் புது வீடுகள் எழும்புகின்றனவா? இப்போது யார் ராஜ்யம்? பேய்களின் மயக்கத்தில் அகப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காக்கை பறந்து வந்தது. அவர்கள் முன்னே ஒரு முழு ரொட்டியை வைத்துவிட்டுப் போனது. சின்னப்பருக்கு அறுபது வருஷமாக அது தினமும் கொண்டு வந்தது அரை ரொட்டிதான். அன்றைக்கு விருந்தாளி வந்திருக்கிறார். அதனால் முழு ரொட்டி!

இருவருக்கும் நல்ல பசி. ஆனால் ரொட்டியைப் பிட்பது யார்? அங்கே ஆரம்பித்தது தகராறு. நீங்கள் விருந்தாளி, நீங்கள்தான் பிட்கவேண்டும் என்றார் சின்னப்பர். நீங்கள் வயதில் மூத்தவர், நீங்கள்தான் பிட்கவேண்டும் என்றார் அந்தோணியார். பொழுது சாயும்வரை இந்தப் பேச்சே நடந்தது. ரொட்டி அப்படியே கிடந்தது! கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுப்பது. அவரவர் கையில் வந்தது அவரவருக்கு.

பந்தியில் முதலில் உட்காரச் சொல்லி ஒருவரை ஒருவர் தள்ளும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஜெரோமின் கதையில் ஜனங்களுக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஸ்காட்லாந்தில் ருத்வெல் என்ற ஊரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திய ஒரு பெரிய கற்சிலுவையில், இருவரும் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் சின்னப்பர் ஒரு காரியம் சொன்னார். தமக்கு மரணம் நெருங்கிவிட்டது. ஆயர் அத்தனாசியார் உங்களுக்குக் கொடுத்த போர்வையைக் கொண்டுவந்து என் உடலை மூடுங்கள் என்றார். போர்வை மேல் அவருக்கு ஆசை இல்லை. தாம் சாவதை அந்தோணியார் பார்த்து வருந்தவேண்டாம் என்பதற்காகத்தான் அவரை அனுப்பினார்.

அந்தோணியார் போர்வையோடு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். குகையில் சின்னப்பர் முழங்காலிட்டு, கைகளை உயர்த்தி, நிமிர்ந்தபடி இருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்துத் தாமும் பக்கத்தில் முழங்காலிட்டார் அந்தோணியார். வெகு நேரம் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. அப்போதுதான் புரிந்தது.

குழி தோண்ட மண்வெட்டி இல்லை. அந்தோணியார் தவித்தபோது பாலைவனத்திலிருந்து இரண்டு சிங்கங்கள் ஓடி வந்தன. சின்னப்பரின் காலடியில் படுத்து உறுமின. பிறகு முன்னங்கால்களால் மண்ணைப் பறித்து ஓர் ஆள் கொள்ளும் அளவுக்குக் குழி தோண்டின. வேலை முடிந்ததும் அந்தோணியாரிடம் வந்து, காதுகளை மடக்கி, கையையும் காலையும் நக்கின. ஆசீர்வாதம் கேட்கின்றன என்று புரிந்துகொண்டு அவரும் அவற்றை ஆசீர்வதித்து அனுப்பினார்.

சின்னப்பர் விட்டுச் சென்ற ஒரே சொத்து, ஓலையால் பின்னிய சட்டை. அதை அந்தோணியார் எடுத்துக்கொண்டார். ஈஸ்டர் திருநாளிலும் பெந்தெகோஸ்தே திருநாளிலும் அதைத்தான் உடுத்துவாராம்.

செத்து விழுந்த மிருகம்

சிங்கங்கள் கேட்ட ஆசீர்வாதம் கிடைத்தது. ஆட்டுக்கால் மனிதன் கேட்ட வரம் என்ன ஆயிற்று?

கதையில் இதற்குப் பதில் இல்லை! கண்ணீர் விட்ட அந்தோணியார் தடியால் தரையைத் தட்டினார். அலெக்சாந்திரியா நகரத்தைத் திட்ட ஆரம்பித்தார். மிருகங்கள்கூடக் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுகின்றன, நீ இன்னும் விகாரங்களைக் கும்பிடுகிறாயே என்று சீறினார். அவர் பேசி முடிப்பதற்குள் ஆட்டுக்கால் மனிதன் சிறகு முளைத்ததுபோல ஓடிப் போய்விட்டான். அவனுக்காக அவர் வேண்டிக்கொண்டார் என்று ஒரு வரிகூட இல்லை.

அதற்கு அடுத்தாற்போல் ஜெரோம் சொல்வது இன்னும் சங்கடமானது. கதையை நம்பாதவர்களுக்குச் சாட்சி காட்டுகிறார். இப்படிப்பட்ட மனிதன் ஒருவனை உயிரோடு அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுவந்து ஜனங்களுக்கு வேடிக்கை காட்டினார்களாம். செத்த பிறகு, வெயிலில் கெடாமல் இருக்க உப்புப் போட்டு, சக்கரவர்த்தி பார்ப்பதற்காக அந்தியோக்கியா நகருக்கு அனுப்பினார்களாம். கருவாட்டைப் போல!

ஆனாலும் ஜெரோம் செய்தது பெரிய காரியம். அவருக்கு முன் எழுதியவர்களோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

போர்வை கொடுத்தாரே அத்தனாசியார், அவரும் அந்தோணியாரின் வரலாற்றை எழுதினார். 356-ல் அந்தோணியார் காலமான பிறகு சில ஆண்டுகளில் கிரேக்க மொழியில் எழுதியது. அதிலும் ஒரு விசித்திர மிருகம் வருகிறது. தொடை வரை மனிதன். காலும் பாதமும் கழுதை. அது பேசவில்லை, பழம் கொடுக்கவில்லை. அந்தோணியார் கிறிஸ்துவின் பெயரைச் சொன்னதும் தலைதெறிக்க ஓடி, விழுந்து செத்துப்போனது.

ஆட்டுக்கால் தெய்வத்தைப் பற்றியும் அதற்கு முன்பே ஒரு கதை உலவியது. கிரேக்க இடையர்களின் தெய்வம் பான். அவனுக்கும் ஆட்டுக் கால், கொம்பு எல்லாம் உண்டு. ஏசுநாதர் வாழ்ந்த அதே திபேரியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில், கிரேக்கக் கடலில் ஒரு கப்பல் போனது. மாலையில் காற்று நின்றது. பாக்சி என்ற தீவிலிருந்து ஒரு குரல் கப்பல் மாலுமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவன் எகிப்து நாட்டவன், பெயர் தாமுஸ். இரண்டு முறை கூப்பிட்டும் அவன் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை பதில் கொடுத்தான். பலோதெஸ் என்ற இடத்துக்குப் போனதும், பெரிய தெய்வமான பான் இறந்துவிட்டான் என்று அறிவித்துவிடு என்றது குரல். அந்த இடம் வந்தது. காற்றும் இல்லை, அலையும் இல்லை. தாமுஸ் கரையைப் பார்த்து அப்படியே கத்தினான். உடனே ஒருவர் அல்ல, பல பேர் கூடி ஓலமிடும் அழுகைச் சத்தம் கேட்டது.

இதை எழுதி வைத்தவர் புளூடார்க் என்ற கிரேக்க அறிஞர். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால் 4-ம் நூற்றாண்டில் யூசேபியஸ் என்ற கிறிஸ்தவ ஆயர் இதைப் பிடித்துக்கொண்டார். பார்த்தீர்களா, ஏசுநாதர் பேய்களை ஓட்டிய காலத்தில்தான் பான் செத்திருக்கிறான் என்று எழுதினார்.

பான் உண்மையில் அப்படிச் செத்துவிடவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்து, பவுசானியாஸ் என்ற யாத்திரிகர் கிரேக்க நாட்டைச் சுற்றிப்பார்த்தார். ஒரு பான் கோயிலில் நெருப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்.

பழைய தெய்வம் செத்தது என்றார் ஒருவர். ஓடிச் செத்து விழுந்தது என்றார் இன்னொருவர். ஜெரோம் மட்டும் அதை உயிரோடு நிறுத்தினார். வாயைக் கொடுத்தார். பழம் கொடுக்கும் மரியாதையையும் கொடுத்தார்.

பானை வாசம்

ஏன் அவருக்கு அந்த மனம் வந்தது? அவர் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

ஜெரோம் சின்ன வயதில் ரோமாபுரியில் படித்தவர். பழைய ரோமக் கவிகளையும் சிசரோ என்ற பெரிய பேச்சாளரின் நூல்களையும் கரைத்துக் குடித்தவர். உலகத்தைத் துறந்து தவத்துக்குக் கிளம்பியபோதும் அந்தப் புத்தகங்களைத் துறக்க மனம் வரவில்லை. ஒரு சமயம் கடுங்காய்ச்சல். கனவில் கடவுளின் நியாயசபை முன் நின்றார். நீ யார் என்று கேள்வி. கிறிஸ்தவன் என்றார். பொய், நீ சிசரோவின் ஆள் என்று சவுக்கடி விழுந்தது! இனி அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டேன் என்று கனவிலேயே சத்தியம் செய்தார். இதை 384-ல் ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். சத்தியத்தை முழுதும் காப்பாற்றினாரா என்று அவருடைய விரோதிகள் பிற்பாடு குத்திக் காட்டினார்கள்.

சின்னப்பரின் கதையை எழுதியதும், இத்தாலியில் இருந்த 100 வயதுப் பெரியவர் ஒருவருக்கு அதை அனுப்பிவைத்தார். அந்தப் பெரியவர் பெயரும் சின்னப்பர்தான். அதிகம் படிக்காதவர்களுக்கும் புரியவேண்டும் என்று எளிய நடையில் எழுதப் பாடுபட்டதாகக் கடிதத்தில் சொன்னார். என்ன செய்தாலும், தண்ணீர் ஊற்றி வைத்த பானையில் முதலில் வைத்த பண்டத்தின் வாசம் போகவில்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

கதை பரவியது. சந்தேகமும் பரவியது. சின்னப்பர் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று ஜெரோம் உயிரோடு இருக்கும்போதே சிலர் பேசினார்கள். அடுத்து எழுதிய முனிவர் கதையின் முன்னுரையில் அவர்களை ஒரு பிடி பிடித்தார் அவர். மறைந்து வாழ்ந்தவரை இல்லாதவர் என்கிறார்களே என்று கோபம்! ஜெரோமின் பேனா கூர்மையானது, சண்டைக்கு அஞ்சாதது. 420-ல் பெத்லகேமில் அவர் இறந்தார்.

எகிப்தில், செங்கடலுக்குப் பக்கத்து மலையில், சின்னப்பர் பெயரில் பழமையான ஒரு மடம் உண்டு. அவர் வாழ்ந்தது இதுதான் என்று ஒரு குகைக் கோயிலை அங்கே காட்டுகிறார்கள்.

1430-களில் இத்தாலியில் சியன்னா நகரத்து ஓவியர் ஒருவர் அந்தோணியாரின் பயணத்தை ஒரே பலகையில் மூன்று காட்சியாக வரைந்தார். இப்போது அது அமெரிக்காவில், வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேலே அந்தோணியார் தனியே நடக்கிறார். நடுவே குதிரை மனிதனைச் சந்திக்கிறார். கீழே குகை வாசலில் இரண்டு கிழவர்களும் தடிகளைத் தரையில் போட்டுவிட்டுக் கட்டிக்கொள்கிறார்கள். ஆட்டுக்கால் மனிதன் அதில் இல்லை.